ஹாயிலின் குதிகால்கள்

அறுவடைக் காலத்தில் எங்கள் ஊர் ஆலிவ் எண்ணெய் ஆலைக்கு வந்தால், குழாய் முனையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவனைப் பார்க்கலாம். வழிகிற எண்ணெயை விரலால் தொட்டு நக்கிவிட்டு, "இது மேட்டு நிலத்துக் காய்", "இது மூட்டையிலேயே கிடந்து புழுங்கின காய்" என்று காய் கொண்டுவந்தவன் முகத்துக்கு நேராகவே சொல்வான். பக்கத்தில் ஊன்றுகோல் சாய்ந்திருக்கும். பேச்சு கொஞ்சம் குழறும், நிதானமாகக் கேட்டால் எல்லாம் புரியும். அவன் பெயர் ஹாயில். என் சித்தப்பா மகன். ஆலைக்குக் காய் ஏற்றி வருகிற பிக்கப் வண்டி என்னுடையது. அவனை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏற்றிப் போனதும் அதே வண்டிதான்.

எண்ணெயில் பிறந்து வளர்ந்த அந்த ஆள் பல வருஷம் ஒரு சொட்டு எண்ணெய் விழுங்காமல் இருந்தான். நக்கிப் பார்ப்பான், துப்பிவிடுவான். கலீலி மலையில் துரூஸ் மதத்து வீட்டில் பிறந்த ஒருவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கொடுக்க முடியாது.

சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வயிறு சரியில்லை. தாய்ப்பால் குடித்த காலத்திலேயே வயிற்றுப்போக்கு. சோற்றுத் தண்ணீர், மாதுளைத் தோல் கஷாயம், மந்திரித்த நூல் எல்லாம் ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்கும் முன்னே கை தூக்குகிற ஒரே பையன் இவன்தான், அதுவும் வெளியே போக. பத்து வயதில் கண்ணில் புரை விழுந்தது. கிழவர்களுக்கு வருகிற வியாதி இவனுக்கு எப்படி என்று வியந்துவிட்டு இரண்டு கண்ணிலும் அறுவை செய்து அனுப்பினார்கள். வயிற்றையும் கண்ணையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. வயிற்றுக்கு ஒரு டாக்டர், கண்ணுக்கு ஒரு டாக்டர்.

பதினாறு வயதில் இரண்டு குதிகாலுக்கும் மேலே, பின்பக்கத் தசைநாரில், கட்டி புறப்பட்டது. எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்ததுபோல இருக்கும். வலி கிடையாது. பூட்ஸ்தான் ஏறாது. செருப்பிலேயே திரிந்தான்.

அடுத்த வசந்தத்தில் எல்லோரும் எங்கள் துரூஸ் ஆட்கள் கும்பிடுகிற ஒரு நபியின் சமாதிக்கு யாத்திரை போனோம். உள்ளே வெறுங்காலோடுதான் போக வேண்டும். கூட்டத்தில் ஹாயிலுக்குப் பின்னால் வெள்ளை முக்காடு போட்ட ஒரு பெண்மணி வந்துகொண்டிருந்தார். மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர். திடீரென்று குனிந்து, நடக்கிறவனுடைய குதிகாலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஹாயில் முகங்குப்புற விழப் பார்த்தான்.

"உம் பேரு என்னப்பா?"

"ஹாயில்."

"எப்போ பொறந்தே? எந்த மாசம்? எந்தக் கெழமை?"

சொன்னான். அந்த அம்மாள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருடைய மூத்த மகன் சல்மான், இருபத்து மூன்று வயதில், வீட்டு மொட்டை மாடிப் படியிலிருந்து விழுந்து செத்த நாள் அதேதான். சல்மானுக்கும் குதிகாலில் இதே இடத்தில் இதே கட்டிகள் இருந்தனவாம்.

எங்கள் ஆட்களில் யாரும் செத்துப்போவதில்லை, வீடு மாறுகிறார்கள். ஒரு உடம்பை விட்ட உயிர் அதே நொடியில் இன்னொரு குழந்தைக்குள் போய்விடும். இதில் எங்களுக்குச் சந்தேகம் கிடையாது. பழைய உடம்பின் அடையாளம் புது உடம்பிலும் தொடரும் என்பதும் நாங்கள் அறிந்ததுதான். அதனால் அன்று சமாதி வாசலில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அந்த அம்மாளை ஊரில் உம் சல்மான், அதாவது சல்மானின் அம்மா, என்பார்கள்; அவர் அழுதார், எங்கள் சித்தியும் கூட உட்கார்ந்து அழுதார். ஒரே பையனுக்கு இரண்டு அம்மா ஆயிற்று.

அதற்குப் பிறகு உம் சல்மான் வாரம் தவறாமல் வருவார். எண்ணெயில் ஊறிய தயிர் உருண்டை ஒரு ஜாடி, அத்திப்பழம், பின்னிய ஸ்வெட்டர் என்று கை நிறைய இருக்கும். சித்தி சிரித்துக்கொண்டே வாங்குவார், அவர் போனதும் முணுமுணுப்பார்.

"பெத்து, பால் குடுத்து, அலசிப் போட்டவ நானு. குதிகாலைப் பிடிச்சவ அம்மாவாம்."

"உனக்கென்ன சித்தி, ஸ்வெட்டர் காசு மிச்சம்தானே," என்பேன்.

"வாயை மூடுடா நஸீஹ்."

ஹாயிலுக்கு அந்த அம்மாளைப் பிடித்திருந்தது. பள்ளியில் மந்தம், நடையில் கோணல், பட்டாளத்துக்கும் லாயக்கில்லை என்று கழிக்கப்பட்டவன். அவனைப் பார்த்ததும் ஒரு வீடே எழுந்து நின்றது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? அந்த வீட்டில் சல்மானுடைய நாற்காலி அப்படியே இருந்தது. இவன் போனால் அதில்தான் உட்கார வேண்டும். அங்கே உட்கார்ந்திருக்கும்போது அவன் முதுகு நேராக இருக்கும். நான் கவனித்திருக்கிறேன்.

இருபத்தைந்து தாண்டியதும் நடை மோசமாகியது. நேரான ரோட்டில் தடுமாறுவான். கையெழுத்து கோணிற்று. பார்த்து வைத்த பெண் வீட்டார் ஒருநாள் சத்தமில்லாமல் விலகிக்கொண்டார்கள். ஊரில் அதற்கும் விளக்கம் தயாராக இருந்தது. படியிலிருந்து விழுந்த உயிர் இது, கால் பயந்துபோய் இருக்கிறது, போகப்போகச் சரியாகும். இப்படிச் சொல்லியே வருஷங்களைத் தின்றோம். வேறு ஊராக இருந்தால் அந்த நடையைப் பார்த்ததுமே டாக்டரிடம் இழுத்துப் போயிருப்பார்கள். எங்களிடம்தான் காரணம் ரெடியாக இருந்ததே!

கடைசியில் ஒரு கிளினிக் டாக்டர் கட்டியை அழுத்திப் பார்த்துவிட்டு, "இது கொழுப்பு. கொலஸ்ட்ரால் படிஞ்சிருக்கு. எண்ணெய், முட்டை, தயிர், இறைச்சி எல்லாத்தையும் நிறுத்து," என்றார். ரத்தத்தில் கொலஸ்ட்ரால் சரியான அளவில்தான் இருந்தது. அந்தத் தாளைப் பார்த்த பிறகும் அதைத்தான் சொன்னார். ஹாயில் சொன்ன பேச்சைக் கேட்கிற ரகம். ஒரே நாளில் நிறுத்தினான். வறட்டு ரொட்டியும் வெள்ளரிக்காயும் தின்று எலும்பும் தோலுமாக ஆனான். கட்டி மட்டும் கொழுத்தது. எனக்கு அந்த டாக்டர் மேல் இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை.

சித்தி தயிர் ஜாடியை வாசலிலேயே மறித்தார். "உள்ளே வராது இது. டாக்டர் உத்தரவு."

"எம் புள்ளை காஞ்சு கருவாடா கிடக்கான், உனக்கு டாக்டர் பெருசாப் போச்சா?" என்பார் உம் சல்மான்.

"யாரு புள்ளைங்கறே?"

"ரெண்டு பேரு புள்ளையும்தான். ஜாடியைப் பிடி."

இரண்டு பேரும் வாசலில் மல்லுக்கு நிற்க, நடுவில் அவன் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டிருப்பான்.

முப்பத்து நான்கு வயதில் ஆலைக் கிடங்கில் விழுந்து தாடையை உடைத்துக்கொண்டான். கடற்கரை நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். தாடையைக் கட்டியவர்கள், எதற்கு விழுந்தான் என்று நரம்பு டாக்டரைக் கூப்பிட்டார்கள். எல்மலெஹ் என்று ஒரு குள்ளமான பெண் டாக்டர். மொரோக்கோவிலிருந்து வந்த யூதக் குடும்பம். அவர் பேசிய அரபியைக் கேட்டால் எங்களுக்குச் சிரிப்பு வரும், ஆனால் புரியும்.

வந்ததும் அவன் தலையையோ தாடையையோ பார்க்கவில்லை. போர்வையைத் தூக்கிக் குதிகாலைப் பார்த்தார். பிறகு அவன் கண்ணைப் பார்த்தார்.

"கண்ணுல புரை எடுத்தாங்களா? எந்த வயசுல?"

"பத்து."

"வயிறு? சின்ன வயசுலேர்ந்தே போகுதா?"

ஹாயில் வெட்கப்பட்டு என்னைப் பார்த்தான். "இப்பவும் போகுது டாக்டர்," என்றேன் நான். "கல்யாண வீட்டுக்குப் போனா மாப்பிள்ளையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி கக்கூஸைத்தான் பார்ப்பான்."

அவர் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். "என்னென்ன சாப்பிடறே?" என்று கேட்டார். பட்டியலைக் கேட்டதும் அவர் வாயிலிருந்து மொரோக்கோ வசவு ஒன்று வந்தது. எங்களுக்கு அது புது வசவு.

சோதனை முடிவு வந்த பிறகு, ஒரு சாயங்காலம் எங்கள் இருவரையும் உட்காரவைத்து விளக்கினார்.

"கொலஸ்ட்ரால்னா விஷம்னு நெனச்சுட்டு இருக்கீங்க. உடம்புல இருக்கிற கொலஸ்ட்ரால்ல ஏறக்குறைய நாலுல ஒரு பங்கு மூளையிலதான் இருக்கு. ஒவ்வொரு நரம்புச் செல்லுக்கும் மேல ஒரு மெல்லிய தோல். அதுல கொலஸ்ட்ரால் ஊடால ஊடால உட்கார்ந்து, தோல் ரொம்ப இளகிடாம, ரொம்ப இறுகிடாம பார்த்துக்குது. நரம்பைச் சுத்தி ஒரு உறை இருக்கு, அதுக்கும் அதுதான் வேணும். அது இல்லேன்னா சேதி ஒழுங்காப் போகாது. நீ சாப்பிடற எண்ணெய்க்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செஞ்சுக்கும்."

"அப்போ எனக்கு என்ன?" என்றான் ஹாயில், கட்டிய தாடைக்குள்ளிருந்து.

"கொலஸ்ட்ராலைப் பித்தமா மாத்தற ஒரு வேலையாள் உன் ஈரல்ல வேலைக்கு வரல. பொறந்ததுலேர்ந்தே. பித்தம் சரியில்ல, அதான் வயிறு. மாத்த முடியாத சரக்கு வேற வழியில போய்க் கொலஸ்டனால்னு ஒண்ணா ஆகுது. பார்க்க அச்சு அசல் கொலஸ்ட்ரால் மாதிரியே இருக்கும். ஒரே ஒரு பிணைப்புதான் வித்தியாசம். நரம்போட தோல் ஏமாந்து அதை உள்ளே விட்டுடுது. கொலஸ்ட்ரால் உட்கார வேண்டிய எடத்துல அது போய் உட்கார்ந்துக்குது. கண்ணுல, குதிகால்ல, மூளையில."

ஹாயில் கேட்டான். "ஆலையில பிரிக்கிற மெஷின் நின்னா, எண்ணெய் போற குழாயில கசடு போகும். அப்படியா?"

"அப்படியேதான்."

"மெஷினை ஓட்ட முடியுமா?"

"முடியாது. ஆனா அதே பித்தத்தை மாத்திரையாக் குடுத்தா, போதும்னு ஈரல் நெனச்சுக்கும். கசடு செய்யறதைக் குறைச்சுக்கும். ஏற்கெனவே கெட்டது முழுசாத் திரும்பாது. சின்ன வயசுலேயே குடுத்திருந்தா நீ ஓடிட்டு இருப்பே." அதைச் சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை. "அப்பா வழியில ஒண்ணு, அம்மா வழியில ஒண்ணுன்னு ரெண்டு பக்கமும் சேர்ந்தாத்தான் இது வரும். எங்க மொரோக்கோ ஆளுங்ககிட்ட உண்டு. உங்க ஆளுங்ககிட்டயும் உண்டு. ரெண்டு பேரும் உள்ளுக்குள்ளேயே கட்டிக் குடுக்கறவங்களாச்சே. சொந்தத்துல சின்னப் பசங்க யாருக்காவது கண்ணுல புரை, தீராத வயித்துப்போக்கு இருந்தா உடனே கூட்டிட்டு வாங்க."

மாத்திரை தொடங்கி ஒரு மாதம் ஆவதற்குள் வயிறு நின்றது. முப்பத்து நான்கு வருஷ வயிற்றுப்போக்கு! அவன் வீட்டில் ஆடு வெட்டிச் சோறு போட்டார்கள். எண்ணெய் மிதக்கிற தட்டை அவன் ரொட்டியால் வழித்ததைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். வெளியே சொல்லவில்லை, புகை கண்ணில் பட்டது என்றேன்.

ஆனால் ஹாயில் கலகலப்பாக இல்லை. ஒருநாள் வண்டியில் கேட்டான்.

"அண்ணே, கொலஸ்டனால் மாதிரிதானே நானும்?"

"என்னடா உளறே?"

"சல்மானோட நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். கட்டியைப் பார்த்துத்தானே அந்தம்மா என்னை உள்ளே விட்டுச்சு? கட்டி வெறும் வியாதின்னா நான் யாரு?"

ஹாரன் அடித்தேன், ரோட்டில் யாருமே இல்லை.

உம் சல்மானிடம் வியாதியின் பெயரை யாரும் சொல்லவில்லை. மாத்திரை வயிற்றுக்கு என்று மட்டும் அவருக்குத் தெரியும். சித்திதான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "அவகிட்ட மூச்சு விடக்கூடாது. செத்த புள்ளையை மறுபடி சாகடிக்கற பாவம் நமக்கு வேண்டாம்." ஜாடியை வாசலில் மறித்த அதே சித்திதான் இதைச் சொன்னார்.

அப்படியே போயிருக்கும். ஒரு வியாழக்கிழமை உம் சல்மான் வந்து சோர்ந்துபோய் உட்கார்ந்தார். அவருடைய இளைய மகன் ஃபந்தியின் பெண் ருலாவுக்குக் கண்ணில் புரையாம். எட்டு வயது.

"யாரு கண்ணு பட்டுதோ. வயிறும் நிக்க மாட்டேங்குது அந்தப் புள்ளைக்கு. நீல மணி கட்டிட்டேன், ஓதியும் கட்டிட்டேன். எங்க சல்மானுக்கும் சின்னதுல இப்படித்தான் இருந்துச்சு," என்றார்.

ஹாயிலும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சித்தி ஹாயிலைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். சொன்னால் அந்த அம்மாள் மகனை இழப்பார். சொல்லாவிட்டால் ருலா ஹாயிலைப் போல் ஆவாள், அல்லது சல்மானைப் போல. ஹாயில் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்துவிட்டு, சனிக்கிழமை காலையில் ஊன்றுகோலோடு என் வண்டிக்கு முன்னால் வந்து நின்றான்.

"மலைக்கு அந்தப் பக்கம் போகணும்."

"நான் வேணா சொல்லிடட்டுமா?"

"வேண்டாம். அவங்க பிடிச்சது என் குதிகாலைத்தான்."

அந்த வீட்டில் மத்தே என்கிற கசப்புத் தேநீர் கைமாறிச் சுற்றிக்கொண்டிருந்தது. உம் சல்மான் சுரைக்குடுக்கையில் வெந்நீர் ஊற்றி, உலோகக் குழலைத் துடைத்து, முதலில் ஹாயிலிடம் நீட்டினார். ஃபந்தியின் மனைவி ஹனாதி ருலாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஹாயில் சல்மானுடைய நாற்காலியில் உட்காரவில்லை. தரையில், அந்த அம்மாளின் காலடியில் உட்கார்ந்தான்.

அவன் பேச்சு குழறும் என்று சொன்னேன் அல்லவா? அன்று ஒரு வார்த்தை குழறவில்லை, அவ்வளவு மெதுவாகச் சொன்னான். ஈரலில் வராத வேலையாள், ஏமாந்துபோகிற நரம்புத்தோல், கசடு, மாத்திரை. கடைசியில் செருப்பைக் கழற்றிக் குதிகாலை அவர் பக்கம் திருப்பினான்.

"இது அடையாளம் இல்ல யம்மா. வியாதி. சல்மானுக்கும் இதுதான் இருந்திருக்கும். ருலாவுக்கும் இருக்கும்னு தோணுது. இப்பவே குடுத்தா அவ நல்லா நடப்பா."

ஹனாதிதான் முதலில் கத்தினாள். "எம் பொண்ணுக்கு வியாதின்னு ஊருல பேர் வச்சா யாருய்யா கட்டிப்பான் அவளை?"

"கட்டிக்கறவன் வீடு வரைக்கும் நடந்து போகணும்ல அவ? நாளைக்குக் காலையில புள்ளையைக் கெளப்பு. நஸீஹ் வண்டி வரும்," என்றார் உம் சல்மான். என்னைக் கேட்கக்கூட இல்லை.

ருலாவுக்கும் அதே வியாதிதான் என்று பின்னால் தெரிந்தது. இப்போது அவள் பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள், விளையாட்டு விழாவில் ஓடுகிறாள், தோற்றால் ஜெயித்தவளிடம் சண்டைக்குப் போகிறாள். அது கிடக்கட்டும். அந்தக் காலையில் நடந்ததை முடித்துவிடுகிறேன்.

ஹனாதி பெண்ணை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். உம் சல்மான் குடுக்கையைக் கீழே வைத்தார்.

"அந்த வியாதி வந்தா தள்ளாடுமா?" என்று கேட்டார்.

"தள்ளாடும் யம்மா. என்னைப் பார்க்கிறியே."

"நாக்கு குழறுமா?"

"குழறும்."

அவர் முக்காட்டு நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். பிறகு சொன்னார். அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்டிராத விஷயம். "அன்னிக்கு மாடிப்படி ஏறறப்போ அவன் தள்ளாடினான். ஏதோ சொன்னான், நாக்கு குழறுச்சு. அவங்கப்பா முற்றத்துல நின்னுட்டு இருந்தாரு. 'குடிச்சுட்டு வந்திருக்கான் நாயி, என் வீட்டு மானத்தை வாங்கறான்'னு சொல்லிட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டு உள்ளே போயிட்டாரு. எட்டிப் பிடிச்சிருக்கலாம். பிடிக்கல. நானும் பக்கத்துலதான் நின்னேன். நானும் பிடிக்கல. நானும் அதையேதான் நெனச்சேன்."

அவர் முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவங்கப்பா சாகற வரைக்கும் குடிகாரப் பயன்னுதான் சொல்லிட்டுப் போனாரு. இப்போ எந்த வீட்டுல பொறந்து, எந்தத் தெருவுல பந்து ஒதைச்சுட்டு இருக்காரோ. அவருகிட்ட யாரு போய்ச் சொல்றது, உம் புள்ளை குடிக்கலடா, அவன் நோயாளிடான்னு?"

முன்பிறவி ஞாபகம் உள்ள பிள்ளைகள் எங்கள் ஊரில் மூன்று நான்கு வயதிலேயே பேசிவிடும். என் வீடு அது, என் தோட்டம் இது என்று சொல்லும். ஹாயில் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. ஏதாவது ஞாபகம் வருதா என்று அந்த அம்மாள் கேட்கும்போதெல்லாம், பொய் சொல்லத் தெரியாமல், "இல்லை" என்று தலையாட்டுவான்.

அன்று அவன் கையை நீட்டி அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.

"நான் குடிக்கலைன்னு அன்னிக்கே படியில நின்னு சொன்னேனே யம்மா," என்றான். "உனக்குத்தான் காதுல விழல."

உம் சல்மான் அவன் தலையை மடியில் இழுத்துக்கொண்டார். "விழலடா ராசா. விழல. மன்னிச்சுடு," என்று சொல்லிச் சொல்லி அழுதார். நான் எழுந்து வண்டிக்குப் போய்விட்டேன்.